ஒரு பக்கம் முங்குதே, ஏன்? – மிதவைப் படகு: வாசகர் கேள்வி, பதில்

குளங்கள் பெருகிக் கிடக்கிற பருவம் என்பதால், பைப்பும் பேரலும் வைத்து வீட்டிலேயே கட்டுகிற சிறு மிதவைகளைப் பற்றியே இந்த மாதம் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றை முன்னால் வைத்திருக்கிறோம்.

அண்ணாச்சி, 200 மி.மீ. பிவிசி பைப் இரண்டை மூன்று மூன்று மீட்டருக்கு வெட்டி, மூடி போட்டு, இரும்புச் சட்டத்தில் கட்டினேன். நடுவில் உட்கார்ந்தால் நன்றாக மிதக்கிறது. வலையை இழுக்க ஒரு ஓரம் நகர்ந்தால் அந்தப் பக்கம் அப்படியே முங்குகிறது. பைப்பில் ஓட்டை இல்லை. என்ன கோளாறு?
– வாசகர், மானூர்

ஓட்டை கணக்கில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒதுக்கினால் ஒரு கிலோவைத் தாங்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். 200 மி.மீ. பைப் ஒரு மீட்டருக்கு 31.4 லிட்டர் ஒதுக்கும். மூன்று மீட்டருக்கு 94, இரண்டு பைப்புக்கும் 188 லிட்டர். உங்கள் எடை 70 கிலோ, நனைந்த வலையும் மீனும் 10 கிலோ, படகின் சொந்த எடை 50 கிலோ, ஆக 130 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 188 தாங்குமே, 58 கிலோ மிச்சம் இருக்கிறதே என்றுதான் கட்டியிருப்பீர்கள். நடுவில் இருக்கும்வரை அந்தக் கணக்கு சரி.

நீங்கள் ஒரு பைப்புக்கு நேர் மேலே நகர்ந்ததும் கணக்கே வேறு. அந்த ஒரு பைப் உங்கள் எடை முழுவதையும், வலையையும், படகின் எடையில் பாதியையும் தனியாகச் சுமக்கிறது. 70, 10, 25 கூட்டினால் 105 கிலோ. பைப்பின் திறன் 94. முங்காமல் என்ன செய்யும்? வட்ட பைப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. பாதிக்கு மேல் அமிழ்ந்தபின், ஒவ்வொரு அங்குல அமிழ்வுக்கும் கிடைக்கிற தாங்குதல் குறைந்துகொண்டே போகும். அதனால் முதலில் மெதுவாகச் சாய்கிற மாதிரி இருந்து, கடைசியில் திடீரென்று போகும்.

ஆகையால் இரட்டை மிதவை கட்டுகிறவர்கள் மொத்தத் திறனை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது இது: ஏறுகிற ஆளின் எடை, கையில் உள்ள சுமை, படகின் எடையில் பாதி, இவை மூன்றையும் ஒரு பக்க மிதவை தனியாகத் தாங்க வேண்டும். தாங்கியபின் இருபது கிலோவாவது மிச்சம் இருக்க வேண்டும்.

இப்போது இருப்பதைக் கழித்துப் போட வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் பைப்பை ஒட்டி வெளிப்புறமாக மூன்று மீட்டர் 160 மி.மீ. பைப் ஒன்றைக் கட்டுங்கள். அது மீட்டருக்கு 20 லிட்டர், மூன்று மீட்டருக்கு 60. பக்கத்துக்கு 154 லிட்டர் ஆகிவிடும். கூடுகிற எடை பெரிதல்ல. சிலர் மூன்றாவது பைப்பை நடுவில் கட்டச் சொல்வார்கள். படகு கொஞ்சம் மேலே எழும்பும். சாய்வைத் தடுப்பதில் அதற்குப் பங்கு குறைவு. அதே பைப்பை வெளியே கட்டினால்தான் முழுப் பலன்.

புதிதாகக் கட்டப்போகிறேன். ஒரே ஆள், தூண்டிலும் சின்ன வலையும் மட்டும். என்னென்ன சாமான், எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், சேரன்மகாதேவி

80 கிலோ வரை எடையுள்ள ஒருவருக்கு 250 மி.மீ. பைப் சரியான அளவு. மீட்டருக்கு 49 லிட்டர். பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும். ஒரே பைப் போதும். முதலில் 15 செ.மீ. துண்டு இரண்டு வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் 2.85 மீட்டர் வரும். பக்கத்துக்கு 140 லிட்டர்.

முன்பக்கம் பைப்புக்கு ஒன்றாக 45 டிகிரி பெண்டு (வளைந்த இணைப்பு) வைத்து, அதில் அந்த 15 செ.மீ. துண்டைச் சொருகி, அதன்மேல் மூடி. மூக்கு மேல்நோக்கித் தூக்கி இருக்கும். இது அழகுக்கு இல்லை. நம் குளங்களில் பாதி அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) பாசியும்தான். மொட்டையான முன்பக்கம் செடியைத் தள்ளிக் குவித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். தூக்கிய மூக்கு ஏறிப் போகும். பின்பக்கம் வெறும் மூடி போதும். ஆக மொத்தம் பெண்டு இரண்டு, மூடி நான்கு, பைப் ஒட்டுகிற சொல்யூஷன் அரை லிட்டர் டின் ஒன்று.

பைப் எடை சுவரின் தடிமனைப் பொறுத்தது. 4 மி.மீ. சுவர் என்றால் ஆறு மீட்டருக்கு 26 கிலோ, 5.5 மி.மீ. என்றால் 36 கிலோ. மெல்லியதை எடுத்தால் தண்ணீருக்குள் இருக்கிற கருவேலங்கட்டையில் ஒரு இடி பட்டாலே விரிசல் விடலாம். தடித்தது கனம். இரண்டுக்கும் நடுவில் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தடித்ததையே எடுங்கள்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 1.6 மி.மீ. தடிமன், ஆறு மீட்டர் லென்த் இரண்டு. முதல் லென்த்தில் 2.4 மீட்டர் இரண்டும் 1.2 மீட்டர் ஒன்றும் வெட்டுங்கள். இரண்டாவதை 1.2 மீட்டராக ஐந்து போடுங்கள். 2.4 மீட்டர் இரண்டும் நீளவாட்டுக்கு, 1.2 மீட்டரில் நான்கு குறுக்குவாட்டுக்கு, மிச்சம் இரண்டு இருக்கைக்கு. துண்டு வீணாகாது. எடை சுமார் 14 கிலோ.

பிடிப்புப் பட்டைக்கு 25 × 3 மி.மீ. பட்டை இரும்பு ஒரு லென்த். குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒன்றாக எட்டுப் பட்டை. 8 மி.மீ. போல்ட் பதினாறு, பட்டைக்கு மட்டும். சட்டத்தை வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் பூட்டினால், கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றிப் போகலாம். அதற்குத் தனியாக எட்டு போல்ட்.

தளத்துக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட், 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், எடை 10 கிலோ. அகலத்தை ஏன் ஒரு மீட்டரோடு நிறுத்துகிறோம் என்றால், இரண்டு பைப்பின் மையத்துக்கும் இடையே தூரம் ஒரு மீட்டர். தளம் அந்த மையக் கோட்டைத் தாண்டி வெளியே நீண்டால், நிற்கிற ஆளும் தாண்டி நிற்பார். அப்போது மேலே சொன்ன கணக்கு ஒன்றும் செல்லாது.

எல்லாம் சேர்ந்து படகு 60 கிலோவை ஒட்டி வரும். 75 கிலோ ஆளும் 10 கிலோ சாமானும் ஏறினால் மொத்தம் 145. இரண்டு பைப்பும் பாதியளவு அமிழ்ந்து நிற்கும், தண்ணீருக்குள் 13 செ.மீ. மாதிரி. முழங்கால் தண்ணீரில்கூடப் போகலாம். ஒரு பக்கச் சோதனை: 75, 10, 30 கூட்டினால் 115. பைப் 140. மிச்சம் 25 கிலோ.

எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் 315 மி.மீ. பைப்புக்குப் போய்விடுங்கள். அது மீட்டருக்கு 78 லிட்டர்.

மூடி ஒட்டுகிற இடத்தில்தான் கசிகிறது. இரண்டு தடவை ஒட்டியும் நிற்கவில்லை.
– வாசகர், மூன்றடைப்பு

ஒட்டிய இடத்தின் மேலேயே திரும்பத் திரும்பச் சொல்யூஷன் பூசினால் நிற்காது. அது பசை இல்லை. பைப்பின் மேல்தோலையும் மூடியின் உள்தோலையும் இளக்கி ஒன்றாக்குகிற கரைப்பான். இடைவெளியை அடைக்கிற வேலை அதற்குத் தெரியாது. கசிகிற மூடியை வாளால் அறுத்து எடுத்துவிட்டு, புது மூடி போடுவதுதான் வழி.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை: பைப் வெட்டு முனை நேராக இருக்கட்டும், ஓரத்து பிசிறை அரத்தால் சீவி லேசாகச் சரிவு கொடுங்கள். சொருகிப் பார்த்து எதுவரை போகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். கோடு வரைக்கும் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். சொல்யூஷனை மூடியின் உள்ளே மெல்லிசாகவும் பைப்பின் மேல் தாராளமாகவும் தடவுங்கள். 250 மி.மீ. என்பது பெரிய வளையம். ஒரு ஆள் ஒரு முனையில் தடவி முடிப்பதற்குள் மறுமுனை காய்ந்துவிடும். ஆகவே இரண்டு பேர், இரண்டு பிரஷ். உடனே சொருகிக் கால் சுற்றுத் திருப்பி, கோடு வரை போனதும் அரை நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். உள்ளே அடைபட்ட காற்று மூடியைத் திரும்பத் தள்ளும். பாதிக் கசிவுக்கு அதுதான் காரணம். கடைசி மூடியை ஒட்டும்போது காற்று வெளியேற ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அதற்குப் பைப்பின் மேல்பக்கம், பின்முனையில், டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்று போட்டு, உள்ளே இருக்கிற ஊசியைக் கழற்றி வையுங்கள். பிறகும் அது பயன்படும்.

வெயிலில் வைத்து ஒட்டாதீர்கள். டின்னில் கெட்டியாகிப்போன சொல்யூஷனில் தின்னர் ஊற்றி இளக்குவதும் ஆகாது. ஒட்டியபின் 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

காற்றடித்துச் சோதிக்கலாமா? பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் இருக்கிறது.
– வாசகர், நாங்குநேரி

கம்ப்ரஸர் பக்கமே போகாதீர்கள். 250 மி.மீ. மூடியின் பரப்பு 491 சதுர செ.மீ. டயருக்கு அடிக்கிற மாதிரி சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் ஏற்றினால், மூடியை வெளியே தள்ளுகிற விசை 980 கிலோ, ஏறக்குறைய ஒரு டன். பிவிசி வெடித்தால் இரும்பு மாதிரி விரியாது, கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். முகத்துக்கு நேராக வந்தால் கண் போய்விடும்.

சைக்கிள் பம்பே போதும். அழுத்தத்தை அளக்க, கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப்பை வளைத்துப் பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வால்வோடு பொருத்துங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 30 செ.மீ. வித்தியாசம் வந்ததும் நிறுத்துங்கள். அந்த அளவில் மூடிமேல் விசை 15 கிலோதான். ஒட்டிய இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். நிழலில், அரை மணி நேரம், தண்ணீர் மட்டம் இறங்காமல் நின்றால் பைப் நல்ல பைப். வெயில் பட்டால் உள்ளே காற்று சூடாகி மட்டம் ஏறும், கசிவை மறைத்துவிடும்.

புதிதாக ஒட்டிய பைப். சோதனையில் தேறியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குடம் தண்ணீர்! எப்படிப் போனது?
– வாசகர், விஜயநாராயணம்

கரையில் வெயிலில் கிடத்தியிருப்பீர்கள். காலையில் 30 டிகிரியில் மூடப்பட்ட காற்று, நம்ம ஊர் வெயிலில் பைப்புக்குள் 60 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். மூடிக்கு மூடி 50 கிலோ தள்ளு. ஒவ்வொரு நாளும் இப்படித் தள்ளினால் ஒட்டிய இடத்தில் மயிரிழை விழும். அந்த இழை வழியே சூட்டில் காற்று வெளியே போகும். பிறகு பைப்பைக் குளத்தில் இறக்கியதும் உள்ளே குளிர்ந்து சுருங்கும். போன காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மிதந்துகொண்டிருக்கும்போது ஒழுகியதைவிட, இறக்கிய முதல் கால் மணி நேரத்தில் உறிஞ்சியதே அதிகம்.

மருந்து எளிது. கரை ஏற்றியதும் வால்வைத் திறந்துவிடுங்கள். இறக்குமுன், பைப் ஆறியபின் மூடுங்கள். நிழலில் வையுங்கள். பைப்புக்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். சூடும் குறையும், வெயிலில் பிவிசி நொறுங்கிப்போவதும் தள்ளிப்போகும். பின்முனையில் வெறும் மூடிக்குப் பதில் மரை உள்ள மூடி போட்டிருந்தால் தண்ணீரை வடித்துவிடலாம்.

பைப்புக்குள் தெர்மாகோல் அடைத்தால் ஓட்டை விழுந்தாலும் மிதக்குமாமே?
– வாசகர், பத்தமடை

மிதக்கும், ஆனால் சொல்யூஷனின் ஆவியும் சொட்டும் பட்டால் தெர்மாகோல் கரைந்து பிசினாகிவிடும். அதைவிடச் சுலபமான வழி காலித் தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலை மூடி இறுக்கித் திருகி, 250 மி.மீ. பைப்புக்குள் வரிசைக்கு ஐந்தாகத் தள்ளுங்கள். பத்துப் பதினோரு வரிசை போகும். பைப்புக்கு 50 லிட்டருக்குக் குறையாது. இரண்டு பைப்பும் முழுதாக நிரம்பினாலும் நூறு லிட்டர் மிதப்பு மிச்சம். ஏறி உட்கார முடியாது. பிடித்துக்கொண்டு கரை சேர முடியும். கல்யாண மண்டபத்தில் சொல்லிவைத்தால் ஒரே முகூர்த்தத்தில் சாக்கு சாக்காகக் கிடைக்கும்.

பிவிசி தண்ணீரைவிடக் கனமானது என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே ஒன்றும் அடைக்காத பைப் நிரம்பினால் நேரே குளத்தடிக் கரம்பை மண்ணுக்குத்தான்.

லாரி டியூப் இரண்டு இருக்கிறது. அதிலேயே கட்டலாமா?
– வாசகர், கங்கைகொண்டான்

குளத்துக்குள் கருவை மரம் இல்லையென்றால் கட்டலாம். அப்படி ஒரு குளத்தைக் காட்டுங்கள்.

200 லிட்டர் நீல பேரல் நான்கு மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு பேர் போகிற மாதிரிக் கட்ட யோசனை.
– வாசகர், வள்ளியூர்

நான்கு பேரல் என்றால் 800 லிட்டர், பக்கத்துக்கு 400. இரண்டு ஆளும் ஒரே ஓரத்தில் நின்றாலும் தாங்கும். தாங்குதலில் குறை சொல்ல முடியாது. குறை நகர்வில்தான். 58 செ.மீ. விட்டமுள்ள தட்டை முகத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு துடுப்புப் போடுவது கையை ஒடிக்கும். ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு உட்காருகிறவர்களுக்கும், மீன் கூண்டுக்குத் தீவனம் போடுகிறவர்களுக்கும் பேரல் பொருத்தம். சுற்றித் திரிகிறவர்களுக்கு ஆகாது. நம் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்றுக்கு, தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கிற பேரல் பாய்மரம் மாதிரி வேலை செய்யும் என்பது இன்னொரு தொல்லை.

பேரலில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். பூச்சிமருந்து, அமிலம் இருந்தது வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் வாய்ப்பக்க மரையில் தங்கியது குளத்தில் இறங்கும். உணவு எண்ணெய், சர்க்கரைப் பாகு வந்த பேரலாகப் பாருங்கள். ஒரு முகத்தில் இரண்டு திருகு மூடி இருக்கும். பேரலைப் படுக்கவைக்கும்போது இரண்டும் ஒரே மட்டத்தில், இடமும் வலமுமாக வரும்படி வையுங்கள். மேலும் கீழுமாக வைத்தால் ஒன்று எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, வெளியே சிலிக்கான் பூசுங்கள். பேரலை ஓட்டை போட்டு போல்ட் அடிக்க வேண்டாம். நைலான் பட்டையால் கட்டுங்கள்.

பட்டை எவ்வளவு இறுக்குவது? என் படகில் பைப் பட்டைக்குள்ளேயே உருள்கிறது.
– வாசகர், களக்காடு

பட்டைக்கும் பைப்புக்கும் நடுவே பழைய லாரி டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றி வைத்து இறுக்குங்கள். இரும்பு நேரே பைப்பில் உட்கார்ந்தால் ஈரத்தில் வழுக்கும், நாளடைவில் அறுக்கும். பைப் முட்டை வடிவத்துக்கு நசுங்குகிற அளவுக்கு இறுக்கினால் அந்த இடத்தில்தான் பின்னால் விரியும். சட்டம் பைப்பின் மேல் ஒரே கோட்டில் உட்காராமல், இரண்டு பக்கமும் சிறு மரக்கட்டை ஆப்பு கொடுத்தால் உருளுவது நின்றுவிடும்.

இருக்கையை எங்கே வைப்பது? நின்றுகொண்டு வீச்சு வலை போடலாமா?
– வாசகர், ராதாபுரம்

படகின் நடுவிலிருந்து ஒரு சாண் பின்னால். சாமான் முன்னால். மூக்கு கொஞ்சம் தூக்கி இருந்தால் துடுப்புக்குச் சுலபம். தாழ்ந்திருந்தால் அமலையைக் கொறித்துக்கொண்டே போகும். இருக்கை உயரம் தளத்திலிருந்து ஒரு அடிக்கு மேல் வேண்டாம்.

ஒரு மீட்டர் இடைவெளியில் கட்டிய படகில் நின்று வலை வீசாதீர்கள். வீசும்போது உடம்பு சுழல்கிறது, எடை ஒரு காலுக்குப் போகிறது, வலையின் ஈயக்குண்டு அதே பக்கம் இழுக்கிறது. மூன்றும் ஒரே நொடியில். நின்று வீசியே தீர வேண்டும் என்பவர்கள் 315 மி.மீ. பைப், மைய இடைவெளி 1.4 மீட்டர், நீளம் மூன்றரை மீட்டர் என்று கட்டிக்கொள்ளுங்கள். தூண்டிலுக்கு 40 மி.மீ. பைப்பை ஓரடி வெட்டி, சட்டத்தில் சாய்வாகக் கட்டினால் தாங்கி ரெடி.

துடுப்பா, கம்பா?
– வாசகர், மேலச்செவல்

ஆழம் ஆளுயரத்துக்குள் இருந்தால் மூங்கில் கம்பு. அடிமுனையில் கவட்டை மாதிரி ஒரு கிளைத்துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கரம்பையில் புதைந்து கம்பு நிற்கும், படகு போகும், நீங்கள் நடுவில் தொங்குவீர்கள். புதைந்தால் கம்பை விட்டுவிடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். ஆழத்துக்கு இருபக்கத் துடுப்பு.

காற்றடிக்கிற மாதங்களில் எப்போதும் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, காற்றோடு திரும்புகிற மாதிரிக் கரையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் அசையாமல் கிடக்கிற குளம் பத்து மணிக்கு மேல் வேறு குளம். நங்கூரத்துக்குச் சாக்கில் ஐந்து கிலோ கல், கயிறு ஆழத்தைப் போல் மூன்று மடங்கு. கயிற்றை முன்மூக்கில் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் காற்றும் கயிறும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கவிழ்க்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரியும் சின்ன மோட்டாரும் வைக்கலாமா?
– வாசகர், பேட்டை

150 ஆம்பியர்-மணி (Ah) இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். பாதி ஆளை ஏற்றுகிற மாதிரி. மேலே சொன்ன 250 மி.மீ. படகில் அதற்கு இடமில்லை.

முன்பக்கம் கோரைத் தடுப்புக் கட்டி, தாரா, நாமக்கோழி வேட்டைக்கும் இதே படகைப் பயன்படுத்தலாமா? அதற்கு என்ன மாற்றம் செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

படகில் மாற்றம் தேவையில்லை, எண்ணத்தில்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. உரிமம் வாங்கிச் சுடுகிற வழி அப்போது இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, பிடிப்பது, முட்டை எடுப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் மிகக் கூடுதல் பாதுகாப்புத் தருகிற முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7. படகையும் பறிமுதல் செய்வார்கள். வலையில் பால் ஆமை சிக்கினால் அதுவும் முதல் அட்டவணைதான்; அறுத்தாவது விட்டுவிடுங்கள், வலை போனால் போகிறது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994 முதல் பறவைகள் சரணாலயம். வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வந்து தங்குகிற இடம். அங்கே ஊர்க்காரர்களே தீபாவளிக்கு வெடி போடாமல் பறவையைக் காக்கிறார்கள். அங்கே படகு இறக்குவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கோரைத் தடுப்பு கட்டத்தான் ஆசை என்றால், கேமராவோடு மற்றக் குளங்களில் உட்காருங்கள். தடுப்பு இருக்கையைவிட அரை மீட்டர் உயரத்தோடு நிற்கட்டும், காற்றுப் போகச் சந்து விட்டுக் கட்டுங்கள். கூடு கட்டியிருக்கிற மரத்தடிக்குப் போக வேண்டாம். தாய்ப்பறவை எழும்பினால் குஞ்சு வெயிலில் வெந்துவிடும்.

எங்கள் ஊர்க் குளத்தில் இறங்க யாரைக் கேட்க வேண்டும்?
– வாசகர், முக்கூடல்

மீன்பாசி குத்தகை (குளத்து மீனைப் பிடிக்கிற உரிமை) எடுத்தவரை முதலில். குளம் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் சொல்வார்கள். குத்தகைதாரர் குஞ்சு விட்டிருக்கிற குளத்தில் கேட்காமல் தூண்டில் போட்டால் அது திருட்டுக் கணக்கில் போய்விடும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற காரையாறு, சேர்வலாறு அணைகளில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

தாமிரபரணியில் இறக்குவது பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். இந்தப் படகு நிற்கிற தண்ணீருக்குக் கட்டியது. ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு குறுக்கே கிடக்கிறது. மேலே தண்ணீர் திறந்தால் மட்டம் சொல்லாமல் ஏறும். அணைக்கட்டின் கீழ் விழுகிற தண்ணீர் படகைத் திரும்பத் திரும்ப உள்ளே சுழற்றி இழுக்கும். குளத்திலும், நிரம்பி வழிந்து மறுகால் போகிற நாளில் மறுகால் பக்கமும், மடை திறந்திருக்கும்போது மடைப் பக்கமும் போகக் கூடாது.

என் மகனுக்கு 14 வயது. நீச்சல் நன்றாகத் தெரியும். அவன் அப்பாவோடு போகிறான். லைஃப் ஜாக்கெட் அவசியமா?
– வாசகி, வீரவநல்லூர்

அவசியம்தான் அம்மா, அப்பாவுக்கும் சேர்த்து. குளத்தில் முங்குகிறவர்களுக்கு நீச்சல் தெரியாததைவிட, காலில் நரம்பு வலை சுற்றுவதும் கரம்பைக்குள் கால் புதைவதும் அமலை வேர் பின்னுவதும்தான் பெரிய ஆபத்து. அங்கே நீச்சல் உதவாது. ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைக்காமல் கரையிலேயே மாட்டி, இடுப்பு வாரையும் பூட்டச் சொல்லுங்கள். வார் பூட்டாத ஜாக்கெட் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். எடைக்கேற்ற அளவு வாங்குங்கள். வளர்ந்த பிறகும் ஆகும் என்று பெரிதாக வாங்க வேண்டாம். இடுப்பில் ஒரு சின்னக் கத்தி, வலையை அறுக்க. லுங்கி கட்டிக்கொண்டு ஏறக் கூடாது, அரைக்கால் சட்டை போதும். 250 மி.மீ. படகு ஒரு ஆளுக்குத்தான் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் என்றால் 315 மி.மீ. பைப், அதுவும் மூன்றரை மீட்டர் நீளத்துக்கு வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். மேற்கே மலைமேல் கருக்கல் கட்டினால் மீன் கடிக்கிறதோ இல்லையோ, கரையேறிவிட வேண்டும். கார்பன் தூண்டில் கம்பும் குளத்துக்கு மேலே போகிற மின்கம்பியும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பதையும் பையனிடம் சொல்லி அனுப்புங்கள்.